த்ரீ ஃபேஸ் லின்சி

லின்சிக்கு அப்படியொரு காது. கோயமுத்தூர் கணபதியில் அவள் வேலை பார்த்த பட்டறையில் பம்ப்செட் மோட்டார்களுக்குக் காயில் கட்டுவார்கள். செம்புக் கம்பியை அச்சில் சுற்றி, சுற்றை எண்ணி, மோட்டாருக்குள் திணித்துக் கட்டுகிற வேலை. சோதனைக்காகப் பத்து மோட்டாரை ஒன்றாக ஓட விட்டாலும், "அந்தக் கடைசி மோட்டாரு சரியில்லீங்க, உறுமுது" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். முதலாளி முதல் தடவை சிரித்தார். அந்த மோட்டார் புகைந்து பட்டறையே நாறிய பிறகு சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்.

வாரமெல்லாம் காயில், ஞாயிற்றுக்கிழமை புலியகுளம் மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார். அங்கே டிரம்ஸ் வாசித்த ஜேக், அவளுக்குப் பெரியம்மா மகன். அவன்தான் என் பிள்ளையைக் கெடுத்தான் என்று லின்சியின் அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கெடுக்கத்தான் செய்தான். தொண்ணூற்று மூன்றில் ஒருநாள், மில்லுக்கார நாயுடு வீட்டுப் பையன் உதய்யைக் கூட்டிவந்து நிறுத்தினான். "இவரு பாடுவாரு, கிட்டார் வாசிப்பாரு. நான் டிரம்ஸ். நீ பேஸ் கிட்டார். ராக் பேண்டு ஆரம்பிச்சாச்சு" என்றான். இவள் சம்மதத்தைக் கேட்கவேண்டும் என்கிற எண்ணமே அவனுக்கு வரவில்லை. ஆனால் பேண்டுக்குப் பெயர் வைத்தது லின்சிதான். பெரிய மோட்டாருக்கு வருகிற மூன்று லைன் கரண்ட் மாதிரி மூன்று பேர், அதில் ஒருத்தர் போனாலும் வண்டி ஓடாது. அதனால் த்ரீ ஃபேஸ்.

காயில் கட்டுகிற ஒரு பெண்பிள்ளை துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ராக் வாசிக்கிறாளாமே என்று வேடிக்கை பார்க்கத்தான் முதலில் கூட்டம் வந்தது. வந்தவர்கள் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார்கள். மூன்று வருஷத்தில் ஒரு கிழட்டு மெட்டடார் வேனில் திருச்சி, காரைக்குடி, நாகர்கோவில், வேலூர் என்று காலேஜ் காலேஜாகச் சுற்றினார்கள். மற்ற பேண்டுகள் வெள்ளைக்காரன் பாட்டை அப்படியே வாசித்துக் கைதட்டு வாங்கினார்கள். இவர்கள் உதய் எழுதிய சொந்தப் பாட்டை வாசித்து, "எறங்குங்கடா" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அப்படியும் விடவில்லை. லின்சிக்கு வந்த இரண்டு வரன்கள் இந்த வேனைப் பார்த்தே திரும்பிப் போயின. போனால் போகட்டும் என்று அவள் காயில் கட்டப் போய்விட்டாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். ஒரு கேசட் வரவேண்டும். வந்துவிட்டால் பட்டறைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வாழ்நாள் முழுக்க வாசித்துக்கொண்டே இருக்கலாம்.

பேண்டுக்குக் கரண்ட் விஷயமெல்லாம் லின்சிதான். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் இறங்கி பிளக் பாயிண்டைச் சோதிப்பாள். ஆம்பிளிஃபயர்கள் கெடாமல் இருக்க ஒரு ஸ்டெபிலைசரைத் தானே காயில் சுற்றிச் செய்து வைத்திருந்தாள். கரண்ட் குறைந்தால் அது 'டக்' என்று ஒரு படி ஏற்றிக்கொடுக்கும். மொத்தம் ஐந்து படி.

இந்தக் கவனத்துக்குக் காரணம் இருந்தது. முதல் வருஷம் காரமடைப் பக்கம் ஒரு ஆண்டு விழாவில், மைக்கில் வாயை வைத்த உதய்யை ஷாக் தூக்கி அடித்தது. உதடு வீங்கி இரண்டு நாள் கஞ்சிதான். மைக் ஒரு லைனிலும் கிட்டார் இன்னொரு லைனிலும் இருந்து, அதில் ஏதாவது ஒன்று கோளாறாக இருந்தால், கிட்டார் கம்பியைப் பிடித்திருக்கிறவன் உதடு மைக்கில் பட்டதும் கரண்ட் அவன் உடம்பு வழியாகத்தான் பாயும். அன்றிலிருந்து லின்சி சோபா ஸ்பாஞ்சை வெட்டி, மைக்குக்கு ஒரு தொப்பி தைத்துப் போட்டாள். நம்ம உதய் சும்மா இருப்பானா? கடைசிப் பாட்டில் அந்தத் தொப்பியைப் பிடுங்கிக் கூட்டத்துக்குள் வீசிவிட்டு, மைக்கைக் கடித்துத் தின்கிற மாதிரி பாடுவான். பிள்ளைகள் அந்த ஸ்பாஞ்சுக்கு அடித்துக்கொள்ளும். அவன் உயிரைக் காப்பாற்ற இவள் தைத்துக் கொடுத்ததை அவன் வித்தையாக்கிவிட்டான். தலையில் அடித்துக்கொண்டு ஊருக்கு ஊர் புதுசு தைத்தாள்.

தொண்ணூற்றாறு பிப்ரவரியில் சேலத்தில் ஒரு கூத்து நடந்தது. மேடையேறும் நேரத்தில் மைக் ஸ்டாண்டில் டெஸ்டர் லேசாக மினுங்கியது. லின்சி நிகழ்ச்சியை நிறுத்திவிட்டாள். வயர்மேன் வந்து, மீட்டர் வந்து, முக்கால் மணி நேரம் தேடியும் ஒன்றுமில்லை. டெஸ்டர் சில சமயம் அப்படி வீணுக்கு மினுங்கும், அவ்வளவுதான். அதற்குள் கூட்டம் கத்தி, காகிதம் வீசி, அடுத்த பேண்டு மேடையேறிவிட்டது. கோயமுத்தூர் வந்ததும் உதய் அவளுடைய டெஸ்டரையும் டெஸ்ட் லைட்டையும் வாங்கித் தன் வீட்டில் வைத்துப் பூட்டினான்.

"இனி மேடையில எதையும் நிறுத்தமாட்டேன்னு சொல்லு."

"நிறுத்தமாட்டனுங்க" என்று சொன்னாள் லின்சி. தப்புச் செய்தவள் வேறென்ன சொல்வாள்?

அடுத்த மாதம் சரவணம்பட்டியில், ஊரைத் தாண்டிப் புதிதாக வந்திருந்த ஒரு இஞ்சினியரிங் காலேஜின் விழா. சாயங்காலம் நாலு மணிக்கு த்ரீ ஃபேஸ். பெங்களூரில் ஒரு கேசட் கம்பெனியிலிருந்து ஹர்ஷா என்பவர் இவர்களைக் கேட்பதற்கென்றே வந்திருந்தார். ஆறு மணிக்கு அவருக்கு ரயில். நாலே பாட்டுத்தான். பிடித்தால் கேசட் என்று உதய்யிடம் சொல்லியிருந்தார். மூன்றாவது வரிசையில் உதய்யின் அம்மா கோமளா உட்கார்ந்திருந்தார். அப்பா லட்சுமணசாமிக்கு இந்தக் கிட்டார் வாடையே ஆகாது. அம்மா, கல்யாண வீட்டுக்குப் போவதாக அவரிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, பட்டுப்புடவையோடு வந்திருந்தார். லின்சியைப் பார்த்ததும், "எம் பையனப் பாத்துக்க அம்மணி, அவசரக்காரன்" என்று அவள் கையில் ஒரு முழம் மல்லிகைப்பூவைக் கொடுத்தார்.

மேடை வெட்டவெளியில் இருந்தது. மைக்கும் ஸ்பீக்கரும் காலேஜ் ஜெனரேட்டரில் ஓடின. ஜெனரேட்டர் அதற்குமேல் தாங்காது என்று, கிட்டார் ஆம்பிளிஃபயர்களுக்கு மட்டும் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூமிலிருந்து கரண்ட் எடுத்திருந்தார்கள். இரண்டு லைன் என்றதுமே லின்சிக்கு மனசு ஒருமாதிரி ஆனது. ஆனால் மதியம் வாசித்துப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. வாயை மூடிக்கொண்டாள்.

முதல் பாட்டு அருமையாகப் போனது. எள் போட்டால் எள் விழாத கூட்டம். 'எறங்குங்கடா' என்று ஒருத்தன்கூடக் கத்தவில்லை! ஹர்ஷாவின் கால் தாளம் போட்டதை லின்சி தன் கண்ணால் பார்த்தாள்.

இரண்டாவது பாட்டின் பாதியில் அவளுக்குப் பின்னால் 'டக்' என்றது. ஸ்டெபிலைசர் ஒரு படி ஏறியிருக்கிறது. தோட்டத்து லைன்தானே, குறையத்தான் செய்யும் என்று வாசித்துக்கொண்டே இருந்தாள். பாட்டு முடிவதற்குள் இன்னொரு 'டக்'. அதோடு ஆம்பிளிஃபயரில் ஒரு உறுமல். கூட்டத்துக்குக் கேட்காது, உதய்க்கும் கேட்காது. பத்து மோட்டாருக்கு நடுவில் ஒன்றைப் பிரித்துக் கேட்கிற காதுக்கு மட்டும் கேட்டது.

பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்ததும் ஜேக்கிடம் குனிந்தாள். "அண்ணா, ரெண்டு நிமிஷம் டிரம்ஸ் மட்டும் வாசி."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. வெளுத்து வாங்கினான். இவள் மேடைக்குப் பின்னால் இறங்கி ஓடினாள். அங்கே வயர்மேன் மாசாணம் பெட்டிமேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். தோட்டத்திலிருந்து ஒரே ஒரு வயர்தான் வந்திருந்தது. மேடையோரம் மண்ணில் ஒரு இரும்பு ராடு அடித்து, அதிலிருந்து இன்னொரு வயர் பிளக் பாயிண்டுக்குப் போனது. கரண்ட் தோட்டத்துக்கே திரும்பிப் போகவேண்டிய இரண்டாவது வயரைக் காணோம்.

"ஏனுங்க, நியூட்ரல் எங்கீங்க?" என்றாள் லின்சி.

"அத்தன தூரத்துக்கு எதுக்குங்க அம்மணி ரெண்டு வயரு இழுத்துட்டு? தோட்டங்காட்டுல பூராவும் இப்படித்தானுங்க. ஒத்த வயரு, ஒரு ராடு. லைட்டு நல்லாத்தான எரியுது?"

எரியத்தான் செய்யும். ராட்டைச் சுற்றி மண் ஈரமாக இருக்கிறவரைக்கும் வந்த கரண்ட் ஒழுங்காக மண்ணுக்குள் இறங்கிவிடும். ஈரம் காய்ந்தால் இறங்க வழியில்லாமல் ராட்டிலேயே நிற்கும். ராட்டில் நின்றால் ஆம்பிளிஃபயரில் நிற்கும், கிட்டார் கம்பியிலும் நிற்கும். ராடு அடித்தபோது மதியம் ஊற்றிய தண்ணீர் மார்ச் மாத வெயிலில் காய்ந்து, மண் வெளுத்துக் கிடந்தது.

பக்கத்தில் இருந்த குடத்துத் தண்ணீரை அப்படியே ராட்டில் கவிழ்த்தாள். மேடைமேல் ஸ்டெபிலைசர் 'டக்', 'டக்' என்று இரண்டு படி இறங்கியது. உறுமல் அடங்கியது. அவளுக்குச் சந்தேகம் தீர்ந்தது, பயம் கூடியது.

"தண்ணி ஊத்திக்கிட்டே இருங்க. நிறுத்திப்போடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள்.

"ஊத்தறனுங்க, நீங்க போங்க" என்று மாசாணம் குடத்தை எடுத்தார்.

மேடைக்கு வந்ததும் உதய் பல்லைக் கடித்துக்கொண்டு, "எங்க போன?" என்றான்.

"உதய், சொன்னாக் கேளுங்க. கிட்டார் லைன்ல கோளாறு. மைக்குல வாய் வைக்காதீங்க. ஸ்பாஞ்சைக் கழட்டாதீங்க, இன்னிக்கு ஒருநாளைக்கு."

"சேலத்துலயும் இதேதான சொன்ன?"

அவ்வளவுதான், அவன் திரும்பிவிட்டான். மூன்றாவது பாட்டு ஆரம்பித்தது. லின்சியின் விரல்கள் பாட்டுக்கு வாசித்தன, காது பின்னால் இருந்தது. முதல் இரண்டு நிமிஷம் சத்தமில்லை. மாசாணம் ஊற்றுகிறார், நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள். அப்போது 'டக்'. மேடையோரம் எட்டிப் பார்த்தாள். குடம் இருந்தது. மனுஷனைக் காணோம். தூரத்தில் டீக்கடைப் பக்கம் அவருடைய பச்சைத் துண்டு தெரிந்தது. பாவி மனுஷன்! 'டக்' என்று மறுபடியும். பிறகு இன்னொன்று.

மூன்று படி. இன்னும் ஒரு பாட்டு. அந்தப் பாட்டின் நடுவில்தான் தொப்பியைப் பிடுங்குவான். அதற்கு நாலு நிமிஷம் இருந்தது.

கோளாறு நிஜம்தான். ஆனால் ஆளை அடிக்கிற அளவுக்கு இல்லாமல், சேலம் மாதிரி இதுவும் வீண் பயமாக இருந்தால்? ஹர்ஷா முன்னால் உட்கார்ந்து சிரித்த முகமாகக் குறிப்பு எழுதுகிறார். நிறுத்தினால் கேசட் போச்சு, மூன்று வருஷ அலைச்சல் போச்சு, கொடுத்த வாக்கும் போச்சு. அதற்குப் பிறகு உதய் அவளை ஒருநாள் கூட மேடையில் வைத்திருக்கமாட்டான். நிச்சயமாகத் தெரியாமல் நிறுத்தக்கூடாது என்று முடிவு செய்தாள். தெரிந்துகொள்ள டெஸ்டர் இல்லை. அவள் உடம்புதான் இருந்தது.

இடைவெளியே விடாமல் உதய் நாலாவது பாட்டைத் தொடங்கினான். லின்சி வாசித்துக்கொண்டே அவன் பக்கம் நகர்ந்தாள். கூட்டம் இதையும் ஆட்டமென்று நினைத்து விசிலடித்தது. இடது கை கம்பியைப் பிடித்திருக்க, வலது கை விரல்களின் பின்புறத்தால் மைக் ஸ்டாண்டை ஒரு தட்டுத் தட்டினாள்.

கை தானாகத் தூக்கி வீசப்பட்டது. தோள்வரைக்கும் சம்மட்டியால் அடித்த மாதிரி இருந்தது. கண்ணைக் கட்டியது. பட்டறையில் சின்னச் சின்ன ஷாக் எத்தனையோ வாங்கியவள்தான். இது அந்த ரகம் இல்லை. வறண்ட விரலுக்கே இந்த அடி என்றால் ஈர உதட்டுக்கு? வேர்வையில் குளித்துக்கொண்டு, கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு?

"உதய்!" என்று கத்தினாள். பாட்டில் அது யாருக்குக் கேட்கும்? அவன் இவள் பக்கமே திரும்பவில்லை. ஜேக் மட்டும் பார்த்தான், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்டெபிலைசர் நாலாவது தடவை 'டக்' என்றது. உதய் பாட்டின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டான். வலது கை மேலே எழுந்தது. கூட்டம் தெரிந்துகொண்டு, "ஸ்பாஞ்சு! ஸ்பாஞ்சு!" என்று கத்தத் தொடங்கியது. மூன்றாவது வரிசையில் கோமளாவும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினார்.

பிளக்கைப் பிடுங்கினால் பேண்டு போச்சு. பிடுங்காவிட்டால் உதய் போச்சு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? லின்சி பின்னால் பாய்ந்து, ஸ்டெபிலைசரின் பிளக்கை வயரோடு சேர்த்துப் பிடுங்கி எறிந்தாள்.

இரண்டு கிட்டாரும் ஒரே நொடியில் செத்தன. ஜேக்கின் டிரம்ஸ் மட்டும் நாலு அடி தனியாக ஓடி, அதுவும் நின்றது. அந்த அமைதியில் உதய் கையில் ஸ்பாஞ்சோடு நின்றுகொண்டிருந்தான். முகம் கறுத்துவிட்டது. பிடுங்கிக் கிடந்த பிளக்கைப் பார்த்தான், லின்சியைப் பார்த்தான்.

மைக் ஜெனரேட்டரில்தானே இருந்தது, அதற்கு உயிர் இருந்தது. அவன் ஒரு கையால் கிட்டார் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உதட்டை மைக்கில் நன்றாக ஒட்டி வைத்தான்.

"எங்க பேஸ் கிட்டாரிஸ்டுக்கு ஷாக் அடிக்கும்னு பயமாம். பாருங்க, எனக்கு என்ன ஆச்சு? ஏதாச்சும் ஆச்சா?" என்றான்.

கூட்டம் கெக்கலி கொட்டிச் சிரித்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிளக் பிடுங்கிய பிறகு எப்படி ஆகும்? அதை யாரிடம் போய்ச் சொல்வது?

"அந்த ராட்டைப் பாருங்க உதய். வயர்மேன் நியூட்ரலுக்குப் பதிலா ராடு அடிச்சு வெச்சிருக்காரு. நானே தொட்டுப் பாத்தேன், என்னையத் தூக்கி அடிச்சுப்போட்டுது" என்று வலது கையை நீட்டினாள். ஷாக் அடித்த கையில் என்ன தெரியும்? சிவப்பு இல்லை, காயம் இல்லை. அவ்வளவுதான்.

உதய் நம்பவில்லை, ஆனாலும் மேடைக்குப் பின்னால் வந்தான். ஜேக் வந்தான். காலேஜ் வாத்தியார் ஒருத்தர் வந்தார். மாசாணம் எப்படியோ இவர்களுக்கு முன்னால் அங்கே வந்துவிட்டிருந்தார். வயர் சுருட்டியாகிவிட்டது. ராடு இருந்த இடத்தில் மண்ணைத் தள்ளிச் செருப்பால் மிதித்துக்கொண்டிருந்தார்.

"ராடு எங்கீங்க?" என்றாள் லின்சி.

"எந்த ராடுங்க அம்மணி?" என்றார் மாசாணம். வாத்தியாரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அந்தக் காலேஜ் வேலையை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறதோ என்னமோ. அதற்காக இப்படியா? "ரெண்டு வயருதானுங்க சார் இழுத்திருந்தேன். இந்தப் பொண்ணு வெடுக்குனு பிடுங்குனதுல எல்லாம் கழண்டுபோச்சு."

லின்சி அப்படியே மண்டியிட்டு மண்ணைத் தோண்டினாள். ஈரமண் வந்தது, ஒரு குழி வந்தது. குழியை வைத்து எதை நிரூபிப்பது? வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். ஜேக் அவள் தோளைத் தொட்டு, "எந்திரி லின்சி" என்றான்.

ஹர்ஷா உதய்யிடம் வந்து கை கொடுத்தார். நல்ல மனுஷர், ஒரு கடிந்த வார்த்தை சொல்லவில்லை. "பாட்டு நல்லா இருந்தது. ஆனா மேடைல நின்னு ஒரு பாட்டை முழுசா முடிக்கத் தெரிஞ்ச பேண்டுதான் எங்களுக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு, ரயிலுக்குப் புறப்பட்டுப் போனார்.

அவருடைய கார் கேட்டைத் தாண்டியதும் உதய் வெடித்தான். "இனி இவ என் மேடைல ஏறக்கூடாது. வேன்ல ஏறக்கூடாது. என் கண்ணுல படக்கூடாது. சேலத்துல கெடுத்தா, பொறுத்துக்கிட்டேன். இது என் வாழ்க்கை ஜேக்! என் வாழ்க்கையப் பிடுங்கி எறிஞ்சுட்டா!" ஜேக் என்னவோ சொல்லப் பார்த்தான். உதய் ஒரு நாற்காலியைத் தூக்கி மேடைமேல் அடித்தான்.

லின்சி மேடைக்குக் கீழே படியில் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பேண்டு போய்விட்டது, இனி நாளைக்குக் காலை எட்டு மணிக்குக் காயில்தான் என்பது அப்போதுதான் மனசில் முழுதாக இறங்கியது.

பட்டுப்புடவைச் சரசரப்பு கேட்டு நிமிர்ந்தாள். கோமளா நின்றிருந்தார். கண்ணெல்லாம் கலங்கி, மை கரைந்திருந்தது.

"ஏன் கண்ணு இப்படிப் பண்ணிப்போட்ட?" என்றார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். "அவங்கப்பாவுக்குத் தெரியாம வந்தனே, எம் பையன் ஜெயிக்கறதக் கண்ணால பாத்துட்டுப் போலாமுன்னு வந்தனே. உனக்கு அவன்மேல என்ன கோவம்?"

லின்சி வாயைத் திறந்தாள். சொல்லிவிடலாம். நான் பிடுங்கியிருக்காவிட்டால் இந்நேரம் உங்கள் பையனைத் துணிபோட்டு மூடியிருப்பீர்கள் என்று சொல்லிவிடலாம். பெற்றவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவள் பிள்ளையைப் பற்றி அப்படியொரு வார்த்தையை எந்த வாயால் சொல்வது?

"கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா. தப்பு என் பேர்லதானுங்க" என்றாள்.

மேடையில் உதய் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். அவன் குரல் நல்ல குரல். மைக் இல்லாமலே கேட் வரைக்கும் கேட்டது.

கோமளா மகன் பக்கம் கையைக் காட்டினார். "அவனப் பாரு அம்மணி. எப்படிக் கெடந்து தவிக்கறான்னு கொஞ்சம் பாரு."

லின்சி பார்த்தாள். முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டிருந்தான். அதுவரை அடக்கி வைத்திருந்த கண்ணீர் அப்போதுதான் அவளுக்கு உடைந்து கொட்டியது.

"பாத்துக்கிட்டேதானுங்கம்மா இருக்கறேன்" என்றாள்.